இடது பக்கம் திரும்பிப் படுங்க

என் தங்கைக்கு யாரையும் தொடப் பிடிக்காது. கல்யாண வீடுகளில் கன்னத்தைக் கிள்ள வரும் அத்தைமாரைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். சாலையைக் கடக்கும்போது கூட என் கையைப் பிடிக்காமல் தாவணி நுனியைத்தான் பிடிப்பாள். இப்படிப்பட்டவள் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வர்றவங்க நாடியை எட்டி நின்னே பார்க்கப் போறியாடி?"

"அப்போ பார்த்துக்கலாம்மா," என்றாள் அவள்.

வீட்டில் அவளைச் சின்னவ என்றுதான் கூப்பிடுவோம். நான் பெரியவ. அப்பா டவுன் பஸ் டிரைவர். நான் டெலிபோன் ஆபீஸில் சேர்ந்திருந்த சமயம் அது. ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டே அறைகளில் குடியிருந்தோம். பகல் முழுக்கக் கீழேயிருந்து காற்றடிக்கும் பம்பின் சத்தம் வந்துகொண்டே இருக்கும். பழகிப்போனதால் அது நின்றால்தான் எங்களுக்குத் தெரியும்.

படிப்பின் ஆரம்ப வருஷங்கள் புத்தகமும் எலும்பும் மருந்துப் பெயர்களுமாகப் போயின. அதிலெல்லாம் அவள் புலி. மூன்றாம் வருஷம் வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் புலி பூனையானது.

முதல் நாள், வயிற்று வலியோடு படுத்திருந்த ஒரு வயதான அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்களாம். இவள் கையை வைத்ததும் அந்த அம்மா துள்ளிவிட்டார். "ஏம்மா, இது கையா பனிக்கட்டியா? ஏற்கனவே வலியில சாகறேன்!" வார்டே சிரித்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் வேற ஏதாவது படிக்கிறேனே."

அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்து அவள் முன்னால் நீட்டினாள்.

"இந்தா. முதல்ல என்னைத் தொட்டுப் பழகு. நான் ஒண்ணும் துள்ள மாட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் வீடே வார்டாகிவிட்டது.

அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பாள். இடது கை மட்டும் சின்னவளிடம் இருக்கும். நான் தலை வாரிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து வந்து கழுத்தில் விரல்களை வைத்து, "எச்சில் முழுங்குக்கா," என்பாள். கூந்தல் ரிப்பன், ஜன்னல் திரைக் கயிறு, நாற்காலிக் கால் என்று எதைப் பார்த்தாலும் ஆபரேஷன் முடிச்சுப் போட்டுப் பழகினாள். அவசரத்துக்கு ஒரு ரிப்பனை அவிழ்க்க முடியாமல் கத்தரித்துக்கொண்டு நான் வேலைக்கு ஓடிய நாட்கள் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை தட்டுவது. ஒரு கையின் நடுவிரலை உடம்பின் மேல் படிய வைத்து, மற்றக் கையின் நடுவிரலால் அதன் மேல் தட்டிக் கேட்டால், உள்ளே காற்றா நீரா என்று சத்தம் சொல்லிவிடுமாம். இவள் எங்கள் முதுகில் தட்டினாள், தண்ணீர் டிரம்மில் தட்டினாள், பீரோவில் தட்டினாள், சுவரிலும் தட்டினாள். ஒரு நாள் கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரர் படியேறி வந்துவிட்டார்.

"மேல ஆணி அடிக்கிறீங்களா என்ன? தலையில சுண்ணாம்பு கொட்டுது."

"டாக்டர் வீட்டைப் பரிசோதனை பண்றாங்க," என்றார் அப்பா. "செவுத்துல நீர் கோத்திருக்காம்."

மெல்ல மெல்லக் கை படிந்தது. முதல் முறை ரத்தம் எடுக்கப் போனபோது, கயிறு போல நரம்பு புடைத்த கட்டட வேலைக்காரர் ஒருவர் கையிலேயே தவற விட்டிருக்கிறாள். அந்த மனிதர் முகம் சுளிக்காமல், "விடு பாப்பா, இன்னொரு கை இருக்குல்ல," என்று மறு கையை நீட்டினாராம். இரண்டாவதில் வந்துவிட்டது. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் பிரசவ வார்டு. முதல் குழந்தையை ஏந்திய அன்று வீட்டுக்கு வந்தவளுக்கு வேறு பேச்சே வரவில்லை. "வழுக்கிக்கிட்டு வந்துச்சுக்கா. நான் பிடிச்சுட்டேன்," என்பாள், கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "நான் பிடிச்சுட்டேன்," என்பாள். சாப்பிடும்போதும் அதேதான்.

அப்பா மட்டும் அவளிடம் சிக்கவில்லை. "நாள் பூரா ஊரே என் முதுகைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. வீட்டுலயாவது என் முதுகு எனக்குச் சொந்தமா இருக்கட்டும்," என்று நழுவிவிடுவார். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

நெஞ்சுப் பிரிவில் அவள் இருந்த மாதம் அது. இதயத்துக்குள் ஒரு வால்வு சுருங்கினால் மெல்லிய ஒரு சத்தம் கேட்குமாம். அதைப் பிடிப்பதுதான் கடினமாம். நோயாளியை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் சின்னப் பக்கத்தை அழுத்தாமல் வைக்க வேண்டும். உடன் படித்தவர்களில் நெட்டையான ஒருவன் இருந்தான். ஒட்டகம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது, இவளுக்குக் கேட்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது. பயிற்சிக்காக அம்மாவும் நானும் அந்த வாரம் முழுக்க இடது பக்கம் திரும்பித் திரும்பிப் படுத்தோம்.

அப்பாவுக்கு வார விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்துப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரே ஒரு தடவை."

என்ன தோன்றியதோ, பேப்பரை மடித்து வைத்தார். "சரி, வா. உன் ஆசையையும் கெடுப்பானேன்."

"சட்டையைக் கழட்டுங்க. இடது பக்கம் திரும்பிப் படுங்க. மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். அவள் கேட்டாள். அவர் மூச்சு விட்டார். மறுபடி நிறுத்தச் சொன்னாள். மறுபடி கேட்டாள்.

"என்ன டாக்டரம்மா, உள்ள யாராவது இருக்காங்களா?"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்ப வந்து கேட்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "அக்கா, நீ கேளேன்."

நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே மனிதர்களின் குரலைப் பிரித்தெடுப்பது என் வேலை. எனக்கும் கேட்டது. துடிப்புகளுக்கு நடுவே தாழ்ந்த குரலில் ஓர் உறுமல், தூரத்தில் ஏதோ கனமான வண்டி மேடேறுவது போல. அடுத்தாற்போல் அம்மாவிடம் வைத்துப் பார்த்தேன். அங்கே துடிப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு உள்ள வண்டிச் சத்தம் கேட்காம வீணைச் சத்தமா கேட்கும்?" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள்.

"படியேறினா மூச்சு வாங்குதாப்பா?" என்று கேட்டாள் சின்னவ.

"வயசாகுதுல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச காலமாகவே அப்பா வேலை முடிந்து வந்தால் நேரே மேலே வருவதில்லை. பாதிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழே குனிந்து சைக்கிள் கடைக்காரரோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். வயதாக ஆக மனிதருக்கு வாய் நீண்டுவிட்டது என்று நானும் அம்மாவும் கேலி செய்வோம். அவர் பேசுவதற்காக நிற்கவில்லை, நிற்பதற்காகப் பேசியிருக்கிறார்.

"நான் தப்பாத்தான் கேட்டிருப்பேன்," என்று சின்னவ தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஒட்டகத்தை டீ குடிக்கக் கூப்பிடுவது போல வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவன் தலையை வாசல் நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தான், டீ குடித்தான், அப்பாவிடம் பஸ்ஸைப் பற்றி நாலு கேள்வி கேட்டான், அப்புறம் விளையாட்டாகக் கேட்பது போல ஸ்டெதஸ்கோப்பை எடுத்தான். கேட்டு முடித்து நிமிர்ந்தபோது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம் அங்கிள்."

அவன் போனதும் அப்பா வெடித்தார். "டிரைவருக்கு நெஞ்சுல கோளாறுன்னு எழுதிட்டா அப்புறம் என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டான். நல்லா ஓடிட்டிருக்கிற வண்டியை எதுக்குடி பிரிச்சுப் பார்க்கணும்?"

"நல்லா ஓடலையேப்பா." அவள் விடவில்லை. "பிரேக்கைப் பார்க்காம நீங்க வண்டி எடுப்பீங்களா? அவ்வளவு பேர் உள்ள உட்கார்ந்திருக்கும்போது?"

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். மறுநாள் காலையில் காக்கிச் சட்டை போடாமல், வேட்டியும் கையில் ஒரு பையுமாக வாசலில் நின்றார். "கிளம்பு. எந்த வார்டுன்னு காட்டு."

சின்னவ பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த அதே வார்டில் அவருக்குக் கட்டில் கிடைத்தது. எக்ஸ்ரேயும் மற்ற சோதனைகளும் அவள் காதைச் சரி என்றன. வால்வு சுருங்கித்தான் இருந்தது. ஆபரேஷன் நாளுக்காகக் காத்திருந்தோம். துணைக்கு நான் லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். தனக்காக யாரும் சலுகை காட்ட வேண்டாம் என்று, இவர் தன் அப்பா என்பதை அவள் நண்பர்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை தலைமை டாக்டர் மாணவர் கூட்டத்தோடு ரவுண்ட்ஸ் வந்தார். துணைக்கிருப்பவர்களை வெளியே போகச் சொன்னார்கள். நான் பக்கத்துக் கட்டிலின் மறைப்புத் திரைக்குப் பின்னால் துணி மடிப்பது போல நின்றுகொண்டேன். திரையின் இடுக்கு வழியே எல்லாம் தெரிந்தது. அப்பாவின் கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள் வேலி கட்டின. சின்னவ ஒட்டகத்தின் பின்னால் நின்றாள். ஒளிந்துகொள்ள அவனை விட நல்ல இடம் கிடையாது. ஆனாலும் தப்பவில்லை.

"பின்னால ஒளியற பொண்ணு, முன்னால வா. இந்த கேஸை நீ சொல்லு. முதல்ல அவர்கிட்ட விசாரி."

அவள் முன்னால் வந்தாள். அவள் உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் அப்பா எழுந்து நேராக உட்கார்ந்தார்.

"கேளுங்க டாக்டர். தெரிஞ்சதைச் சொல்றேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கண்ணைச் சிமிட்டவில்லை. டிக்கெட் பரிசோதகர் ஏறினால் காட்டும் அதே மரியாதையான முகம்.

"உங்களுக்கு... என்ன வயசுங்க?"

"அம்பதை நெருங்குதுங்க."

"என்ன வேலை?"

"டவுன் பஸ் ஓட்டறேன்."

"பசங்க?"

"ரெண்டும் பொண்ணுங்க. பெரியவ டெலிபோன் ஆபீஸ். சின்னவ படிக்கிறா. கெட்டிக்காரி."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவள் மூச்சுத் திணறலைப் பற்றி, கால் வீக்கத்தைப் பற்றி, தலையணை உயர்த்திப் படுப்பதைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னார். வீட்டில் எங்களிடம் இதில் பாதியைக் கூடச் சொன்னதில்லை. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கியிருக்கா?"

அப்பா போர்வை நுனியை விரலில் சுற்றினார். பதில் தெரியாமல் இல்லை. சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"வந்துச்சுங்க. ஸ்கூல்ல படிக்கும்போது. முதல்ல முட்டி வீங்கும். அது வத்தினா கணுக்கால். அப்புறம் மணிக்கட்டு. ஒரு மழைக்காலம் பூரா படுத்தே கிடந்தேன். எங்கண்ணன்தான் தூக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வருவான். எழுந்து நடமாடறதுக்குள்ள பரீட்சை முடிஞ்சுபோச்சு. திரும்பப் போனேன். என் கூட இருந்த பசங்கெல்லாம் அடுத்த வகுப்புல உட்கார்ந்திருந்தாங்க. வாசல்ல நின்னு பார்த்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அதோட சரி."

திரைக்குப் பின்னால் என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அப்பா பள்ளிக்கூடத்தை விட்ட கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். வாத்தியாரின் நாற்காலியில் பசையைத் தடவிவிட்டு மதில் ஏறிக் குதித்து ஓடியவர் திரும்பவே இல்லை என்று அவர் நடித்துக் காட்டும்போது நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்த மதிலும் இல்லை, பசையும் இல்லை. வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பையன்தான் இருந்திருக்கிறான். பெற்ற பெண்கள் ஒரு நாளும் கேட்காததை டாக்டர் கேட்டதால் சொன்னார்.

சின்னவ ஒரு கணம் குனிந்துகொண்டாள். பிறகு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இடது பக்கம் திரும்பிப் படுங்க," என்றாள்.

கேட்டுவிட்டு, எந்த வால்வு, எவ்வளவு சுருக்கம், எதனால் என்று தங்குதடையில்லாமல் சொன்னாள். குழந்தைப் பருவத்து அந்தக் காய்ச்சல்தான் வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. தலைமை டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தச் சத்தத்தைப் பிடிக்க உங்க சீனியர்களே தடுமாறுவாங்க. நீ எப்படி இவ்வளவு சீக்கிரம் பிடிச்சே?"

"முன்னாடியே கேட்டிருக்கேன் சார். இவர் என் அப்பா."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் அவர், கோபமா சங்கடமா என்று தெரியாத குரலில்.

"நான்தான் தடுத்தேங்க," என்று முந்திக்கொண்டார் அப்பா. அப்படி எதுவும் அவர் தடுக்கவில்லை. "புள்ள கத்துக்கட்டும்னுதான்."

தலைமை டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார். "மத்த பசங்களும் கேட்கலாமா? உங்களுக்குச் சிரமம்னா வேண்டாம்."

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரச் சொல்லுங்க. முண்டியடிக்காம ஏறணும். முன்னால இருக்கறவங்க உள்ள தள்ளி நில்லுங்க!"

வார்டே சிரித்தது. அன்று எத்தனை பேர் அவர் நெஞ்சில் காது வைத்தார்களோ தெரியாது. ஒரு பையனுக்குக் கேட்கவே இல்லை. "அவசரமில்லப்பா, நான் எங்கயும் போகல," என்று அவனுக்காக மூன்றாம் முறையும் மூச்சை நிறுத்தினார்.

அந்தக் காலத்தில் அந்த ஆபரேஷனை நெஞ்சைத் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள்ளேயே விரலை விட்டுச் செய்வார்கள். "கதவு ஒட்டிக்கிட்டு பாதிதான் திறக்குதும்மா. உள்ள விரலை விட்டுத் திறந்துவிடுவாங்க," என்று சின்னவ அம்மாவுக்கு விளக்கினாள். அம்மா அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கதவையும் வேகமாகச் சாத்தவில்லை.

ஆபரேஷன் அன்று அவளை உள்ளே விடவில்லை. ஒட்டகத்துக்கு அப்போது அறுவைப் பிரிவில் பயிற்சி. அறுத்த இடத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. தியேட்டர் வாசலில் அம்மாவும் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்து அவன் வெளியே வந்தான். கையுறை கழற்றிய விரல்கள் ஊறிச் சுருங்கி இருந்தன. பிடித்த பிடியில் இன்னமும் அவை மடங்கியே இருந்தன.

"திறந்துடுச்சு," என்றான்.

சின்னவ எழுந்து அந்தக் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் பார்க்க, வெகுநேரம் விடவே இல்லை.

அப்பா பிழைத்தார். படியில் நிற்காமல் ஏறினார். ஆனால் அவர் பயந்தபடியே ஸ்டீரிங் போய்விட்டது. டிப்போவில் டைம் கீப்பர் நாற்காலி கொடுத்தார்கள். வண்டிகள் கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் குறிக்கும் வேலை. ஜன்னல் வழியே வேறொருவன் தான் ஓட்டிய வண்டியை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும். வீட்டில் அவர் குறை சொல்லவில்லை. ஒரு நாள் சைக்கிள் கடைக்காரரிடம் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் பொண்ணு உசிரைக் கொடுத்தா, வேலையை வாங்கிக்கிட்டா."

படியில் இறங்கிக்கொண்டிருந்த சின்னவளின் காதில் அது விழுந்துவிட்டது. எதுவும் கேளாதது போலக் கல்லூரிக்குப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் ஸ்டெதஸ்கோப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அம்மா தலைவலி என்றால் கூட, "ஆஸ்பத்திரிக்கு வாம்மா," என்பாள். எங்கள் நாற்காலிகள் முடிச்சுகளிலிருந்து விடுதலை பெற்றன. வீடு வெறிச்சோடிப் போனது போல எனக்கு இருந்தது.

கடைசித் தேர்வின் முடிவு வந்த அன்று, அவள் பாஸ் என்று சொன்னதும் அப்பா சட்டையை மாட்டினார். "ரெண்டு பேரும் வாங்க."

எங்கே என்று சொல்லாமல் டிப்போவுக்குக் கூட்டிப்போனார். கழுவுவதற்காக ஒரு காலி பஸ் முற்றத்தின் ஓரத்தில் நின்றது. அப்பாவின் கூட்டாளி மெக்கானிக் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, "நான் எதையும் பார்க்கல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். அப்பா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்து, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் ஒரு முறை தடவினார். வண்டி நகர்ந்தது. முற்றத்தைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம்.

திருப்பத்தில், பின்னால் பார்க்காமலே பேசினார். "அன்னைக்கு வார்டுல அந்தக் காய்ச்சலைப் பத்திக் கேட்டியே சின்னவளே. அதை நான் உங்கம்மாகிட்ட கூடச் சொன்னதில்ல. நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிட்டே இருந்துச்சு. சொன்னப்புறம் ஆபரேஷனுக்கு முன்னாடியே கொஞ்சம் மூச்சு வந்துச்சு."

"நான் உங்க வேலையை வாங்கிட்டேனேப்பா."

"வாயில வர்றதையெல்லாம் காதுல போட்டுக்காதே. டிரைவர் பேச்சு." பிரேக்கை அழுத்தினார். வண்டி கழுவும் இடத்தில் அசையாமல் நின்றது. "சொல்லட்டுமா? உன் பிரேக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கல. இறங்குங்க, கடைசி ஸ்டாப்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்பா டைம் கீப்பராகவே ஓய்வு பெற்று, அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார். சின்னவ நெஞ்சு மருத்துவம் படிக்கவில்லை. "அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டது போதும்," என்று பிரசவப் பிரிவுக்குப் போய்விட்டாள். சின்ன ஊர் ஒன்றில் ஓர் ஆஸ்பத்திரி. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். முடி நரைத்துவிட்டது. லீவு நாட்களில் போன் செய்வாள். எதையோ பேச ஆரம்பித்து, சைக்கிள் கடை மாடியில் வந்து நிற்போம். அவள் கையில் பிறந்த குழந்தைகளுக்கே இப்போது குழந்தைகள் பிறக்கின்றன. நேற்றும் ஒன்று பிறந்ததாம். வெளியே வந்ததும் அவள் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டதாம். கண்ணாடிக்கு ஒரு கால் போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.